காவடி யாருடையது?

"இஞ்சினியரிங் முடிச்சுட்டு கவுன்சலராகப் போறியா? அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பு?"

மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கும் நான் இந்த ஒரு வருடமாக அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். சில பெரியவர்கள் கீதையையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். அவரவர் சுயதர்மத்தை விட்டு வேறொன்றுக்குத் தாவக் கூடாது என்று கண்ணனே சொல்லியிருக்கிறாரே, தம்பி?

எனக்கு ஒரு சந்தேகம். யூ.பி.யூ. பாரத்தில் நாம் போட்ட வரிசையும், மதிப்பெண்ணைப் பார்த்துக் கணினி கொடுத்த இடமும் சேர்ந்து ஒருவனுடைய சுயதர்மம் ஆகிவிடுமா? பக்கத்து வீட்டு அண்ணன் என்ன கோர்ஸ் எடுத்தார் என்று பார்த்துத்தான் நம்மில் பாதிப் பேர் அந்தப் பாரத்தையே நிரப்புகிறோம்.

இதைவிடக் கனமான கேள்வியை என் அக்கா கேட்டார். "அரசாங்க யூனிவர்சிட்டியில உனக்குக் கிடைச்ச சீட்டு, இன்னொரு நம்ம பிள்ளைக்குக் கிடைக்காமப் போன சீட்டு. அதுக்கு என்ன பதில் வச்சிருக்க?" என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. பட்டப்படிப்பை முடிப்பேன். பி.டி.பி.டி.என். கடனைக் கட்டுவேன். அதற்காகச் சில வருடம் தொழிற்சாலையில் வேலை பார்க்க வேண்டியிருந்தாலும் பார்ப்பேன். மீதிப் பாதி, கவுன்சலராக நான் யாருக்காவது பயன்படுகிறேனா என்பதில் இருக்கிறது. அதை இப்போதே எப்படிச் சொல்வது?

ஆசைப்பட்டவுடன் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளும் வேலையும் இல்லை இது. 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி, கவுன்சலர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் நம் நாட்டில் அந்தப் பெயரோடு தொழில் செய்யலாம். அதற்குத் தனிப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். கவுன்சலிங்குக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான கார்ல் ரோஜர்ஸ் கல்லூரியில் முதலில் எடுத்தது விவசாயம் என்று படித்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

விடுதியில் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் பையன்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். பாயிண்டர் விழுந்தது, வீட்டில் அப்பாவின் குடி, அம்மாவிடம் கேட்க முடியாத பணம். பேசி முடிப்பதற்குள் அறையில் யாராவது ஒருவர் தீர்வு சொல்லிவிடுவார். எங்கள் படிப்பு அப்படி. ஒரு பம்ப் அதிர்கிறது என்றால் தண்டு நேராக இருக்கிறதா, பேரிங் தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, காரணத்தைப் பிடித்துச் சரி செய்தால் வேலை முடிந்தது. பம்பிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. 'எங்க வீட்டுல சொல்லிடாதீங்க' என்று பம்ப் கெஞ்சுவதும் இல்லை. ஆனால் அப்பாவின் குடிதான் பிரச்சினை என்பதை அந்தப் பையனுக்கு நாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமா என்ன? அவனுக்கு அது எப்போதோ தெரியும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவர்கூட நடந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சுலபமாகப் புரியும். ஆற்றங்கரையிலிருந்து மலையடிவாரம் வரை கூட்டத்துக்குள்ளே நடக்க வேண்டும். பிறகு 272 படிகள். கூடப் போகிறவர் ஒரு கையில் முக்காலி, ஒரு கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். வழியை விலக்கிவிடுவார். காவடி எடுத்தவர் முகத்தைப் பார்த்தே முக்காலியைப் போடுவார். கால் பிடித்துவிடுவார். ஆனால் 'உனக்குக் கஷ்டமா இருக்கு, கொடு, மீதியை நான் தூக்கறேன்' என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். வேண்டுதல் அவருடையது இல்லை. அது என்ன வேண்டுதல் என்றுகூடப் பல பேர் கேட்பதில்லை.

கவுன்சலரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு நியாயம். காவடி எடுத்தவர் மயங்கிச் சரிந்தால் காவடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது. கவுன்சலிங்கிலும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி உயிருக்கு ஆபத்து என்று வரும்போது தளர்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை 2023-இல்தான் நம் நாட்டில் நீக்கினார்கள். அதுவரை, உதவி கேட்டு வாய் திறப்பவன் சட்டத்துக்கும் பயப்பட வேண்டியிருந்தது. சட்டம் மாறிவிட்டது. நம் வீடுகளில் 'வெளியே தெரிஞ்சா என்ன நினைப்பாங்க' என்பது மாறவில்லை.

'சும்மா உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு வேலையா? வழி சொல்ல வேண்டாமா?' என்பார்கள். நியாயமான கேள்வி. நான் கீதைக்கே திரும்பிப் போகிறேன். முதல் அத்தியாயத்தின் பெயரே அர்ச்சுன விஷாத யோகம். ஒருவனுடைய மனமுறிவுக்கும் யோகம் என்ற பெயர். அந்த அத்தியாயத்தில் கண்ணன் பேசுவது ஒரே ஒரு வரி. மற்றபடி அர்ச்சுனன் புலம்புவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதற்காகக் கண்ணனை மௌன சாமியாக்கவும் முடியாது. இரண்டாம் அத்தியாயம் தொடங்கியதுமே கண்டிக்கிறார். ஆனால் நீண்ட உபதேசம் வருவது, நான் உங்கள் சீடன், எனக்குச் சொல்லுங்கள் என்று அர்ச்சுனனே கேட்ட பிறகு. எல்லாம் சொல்லி முடிக்கும் தறுவாயில், பதினெட்டாம் அத்தியாயத்தில், இதை நன்றாக யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார். எல்லாம் அறிந்தவரே அப்படி விட்டார் என்றால், மூன்று மாதம் பயிற்சி எடுத்த நான் யார் அடுத்தவன் வாழ்க்கையை முடிவு செய்ய? 'கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாயிடும்' என்று நாம் சொல்வதிலும் எனக்கு இதே சங்கடம். கோயிலுக்குப் போவது நல்லதுதான். ஆனால் பல நேரம், பேச்சை அதோடு முடித்துவிடத்தான் நாம் அதைச் சொல்கிறோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள், "என்ன கோர்ஸ் எடுக்கட்டும் அண்ணா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எந்தப் பாடம் படிக்கும்போது உனக்கு நேரம் போவதே தெரியவில்லை, யாருக்காக இதை எடுக்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள். சிலருக்கு எரிச்சல்தான் வருகிறது. "சொல்லுங்கண்ணா, டைம் இல்ல" என்கிறார்கள். யூ.பி.யூ. பாரத்துக்குக் கடைசி நாள் இருக்கிறதே, அவர்கள் சொல்வதும் சரிதான்.