ராத்திரியில் மட்டும் இரையும் பம்பு

பகலில் மீன் தொட்டிப் பம்பு இருப்பதே தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வீடு முழுக்க அதுதான். பம்பு அப்போது புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தெருவும் டிவியும் ஓய்ந்ததும் அதன் சத்தம் மேலே வருகிறது. மீன் தொட்டியைப் பழுது பார்க்க உகந்த நேரம் இது. விளக்கை அணைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்தால் பாதி வேலையைக் காதே முடித்துவிடும்.

⁕

கரகரவென்றால் உள்ளே மணல், இல்லாவிட்டால் குட்டி நத்தை. கடகடவென்றால் தண்டு தேய்ந்திருக்கலாம், இறக்கை தளர்ந்திருக்கலாம். விட்டுவிட்டுக் கொப்பளித்தால் காற்று. ஒரே சுருதியில் உர்ரென்றால் பம்பு எதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது: கண்ணாடியை, மூடியை, அலமாரிப் பலகையை. ரப்பர் காய்ந்து இறுகிப்போன உறிஞ்சிகளை மாற்றினாலே இது பெரும்பாலும் அடங்கும்.

⁕

வெயில் காலத்தில் தொட்டி நீர் மெல்ல ஆவியாகும். மட்டம் இறங்க இறங்க, பம்பின் வாய் நீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். இதற்குச் செலவு ஒரு குடம் தண்ணீர். கழுவி மாட்டிய உடனே வரும் இரைச்சலும் காற்றுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்பை நீருக்குள்ளேயே சாய்த்து ஆட்டினால் குமிழ்கள் வெளியேறிவிடும். பிளக்கைப் பிடுங்காமல் தொட்டிக்குள் கை வைக்கவே கூடாது.

⁕

உள்ளே இருப்பது கொஞ்சம்தான். பிசினில் முழுக்கப் பொதிந்த கம்பிச்சுருள், ஒரு பீங்கான் தண்டு, அதில் சுழலும் உருளைக் காந்தம், காந்தத்தின் தலையில் இறக்கை. மின்சாரம் காந்தத்தைத் தொடுவதே இல்லை. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இருதுருவக் காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. அதற்கு எண்ணெயும் குளிர்ச்சியும் தொட்டி நீரேதான். ஆகவே நீரின் குணம் அப்படியே பம்பின் குரலில் ஏறும்.

⁕

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் காந்தத்தைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். தண்டு நடுநிலை தப்பும். காந்தம் சுவரை உரசும். முழுக்கப் பிரித்து, எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரில் ஊறப்போட்டால் படிவு கரையும். பழைய பல் பிரஷ்ஷால் காந்தம் உட்காரும் சிறு குழியையும் தேய்த்து, நல்ல நீரில் அலசி மாட்டலாம். அதற்குப் பின்னும் கடகடத்தால் இறக்கையை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இறக்கைக்கும் காந்தத்துக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. மோட்டார் கிளம்புவதற்காகவே அதை விட்டிருக்கிறார்கள். அது அளவு மீறும்போதுதான் சத்தம்.

⁕

அறையில் எனக்குக் கேட்பது பம்புச் சத்தத்தின் மிச்சம் மட்டும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி நீர்ப்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வராமல் உள்ளேயே திரும்புகிறது. அங்கே இருக்கும் கோல்டுஃபிஷ்ஷின் காற்றுப்பையையும் உட்காதையும் சின்னஞ்சிறு எலும்புகள் இணைக்கின்றன. 1820-இல் வேபர் என்ற ஜெர்மானியர் அவற்றை விவரித்தார். மீன்களில் நல்ல செவியுள்ள கூட்டத்தைச் சேர்ந்தது கோல்டுஃபிஷ். தொட்டிக்கு அடியில் தடிமனான தெர்மாக்கோல் போட்டால் என் தூக்கம் கெடாது. மீனுக்கு எதுவும் மாறியிருக்காது. காரணத்தைத் தொடாத அமைதி என் பக்கத்துக்கு மட்டும் உரியது.

⁕

பம்பு சுத்தமாக ஓய்ந்துவிட்டால் கவலை இன்னும் பெரிது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டி ஸ்பாஞ்சில் குடியிருக்கின்றன. நீரோட்டம் நின்றால் அவற்றுக்குப் பிராணவாயு குறையும். கரன்ட் போய் வந்தபின் படிவு இறுகிய பம்பு சில நேரம் சுற்றாமல் நின்றுவிடும். சுருள் மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும். அறை நிம்மதியாகத்தான் இருக்கும்.

⁕

நன்றாக ஓடும் பம்புக்கும் ஒரு சத்தம் உண்டு. கழுவி மாட்டிய அன்றே அதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எந்த ராத்திரி எது கேட்டாலும், எதுவுமே கேட்காவிட்டாலும், அதனோடுதான் ஒப்பிட முடியும்.