உளி எறிந்த தகப்பன்

கழுகுமலை வெட்டுவான் கோயில் ஏன் பாதியில் நின்றது என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். தகப்பனும் மகனும் சிற்பிகள், இருவருக்கும் தொழிலில் போட்டி. மகன் கை ஓங்குவதைத் தகப்பனால் தாங்க முடியவில்லை. உளியை எறிந்தான், மகன் செத்தான், வேலை நின்றது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிய கோயில் அது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு கனிவைக் கல்லில் கொண்டுவந்த கைகளுக்கு ஒரு கொலையை ஏற்றிச் சொல்ல ஜனங்களுக்கு ஏன் தோன்றியது? பெரிய வித்தை இருந்தால் கர்வமும் இருக்கும், அதற்கு யாராவது பலியாக வேண்டும் என்று நாம் நம்பிவிட்டோம். எனக்கு அதில் சம்மதமில்லை.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் கர்வத்தைப் பற்றிக் கேள்விப்படாத இசை ரசிகர் தமிழ்நாட்டில் குறைவு. அவருடைய தோடி ராகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருடைய கோபத்தில் வந்துதான் பேச்சு முடியும். ஆனால் அந்தக் கர்வம் எங்கே முளைத்தது என்று பார்க்க வேண்டும். நாதஸ்வரக்காரர் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர்கள் முன்னால் நின்றுகொண்டு வாசித்த காலம் அது. அவர் கிராப்பு வைத்தார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். ஒருவர் அடம்பிடித்ததால் ஒரு வாத்தியமே தலை நிமிர்ந்தது. கேட்டு வாங்காமல் அந்த மரியாதை வந்திருக்காது. அதே மனிதர் ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு வராமல் காக்கவைத்ததும் உண்டு, குடியும் உண்டு. 1956-ல் காலமானார். முதலில் சொன்னதை நான் கும்பிடுகிறேன். பின்னதையும் மேதையின் லட்சணம் என்று கொண்டாட மாட்டேன்.

ராக் இசை உலகத்திலும் இதே முடிச்சுதான். 1977-ல் மான்ட்ரியல் கச்சேரியில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் ஒரு ரசிகர் மேல் துப்பிவிட்டார். தான் செய்ததே அவரை உறுத்தியது. தனக்கும் ஜனங்களுக்கும் நடுவே எழுந்த சுவரைப் பற்றி 1979-ல் 'தி வால்' வந்தது. உலகமே அதைக் கேட்டது. ஆனால் அந்த ஆல்பம் உருவாகும்போதே, தொடக்கத்திலிருந்து கூட வாசித்த ரிச்சர்ட் ரைட்டை அவர் குழுவிலிருந்து வெளியேற்றினார். தன் கர்வத்தைப் பாட்டாக்கத் தெரிந்தவருக்கும் அதைக் கீழே வைக்க முடியவில்லை.

எங்கள் கரிசல் பக்கம் வேறு மாதிரி ஆட்களும் இருந்தார்கள். காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியில் வந்து குடியேறியவர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி குரலோடு அவர் நாதஸ்வரம் சேர்ந்த பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. நாதஸ்வரக்காரருக்கு சினிமாப் புகழும் பணமும் ஒருசேர வந்தன. அப்படிப்பட்டவர், பாடகர் விளாத்திகுளம் சுவாமிகள் முன்னால் மாணவனைப் போல உட்கார்ந்து கேட்பார். குரு சண்டை போட்டு வாங்கித் தந்த நாற்காலி அவருக்கு இருந்தது. அதனால்தான் இறங்கி உட்கார அவருக்குக் கூச்சம் இல்லை என்று நினைக்கிறேன். 1964-ல், நாற்பத்து மூன்று வயதுக்குள் போய்விட்டார்.

சுவாமிகளோ ஒரு ராகத்தை மணிக்கணக்காகப் பாடக்கூடியவர். எழுத்தாளர் இடைசெவல் கி. ராஜநாராயணன் அவரிடம் இசை கற்றவர். சபாக்களைத் தேடி சுவாமிகள் போகவில்லை. அதற்கு விலையும் கொடுத்தார். கோவில்பட்டி வட்டாரத்தைத் தாண்டினால் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். அடக்கமாக இருப்பவனை மறந்துவிடுகிறோம், அடம்பிடிப்பவனைப் பற்றிக் கதை கதையாகப் பேசுகிறோம். பிறகு கலைஞனுக்குத் தலைக்கனம் என்று குறை சொல்கிறோம். பாதித் தலைக்கனம் நாம் கொடுத்தது. கேட்கும்வரை மரியாதை தராதவர்கள் நாம்.

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாமிக்கு முன்னால் வாசித்துப் போகிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் அவரிடம் போய், எந்த ராகம் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.