வேலை தேடுபவரிடம் காசு வாங்கலாமா?

வேலை கேட்டு வருபவரிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை பிடித்துக் கொடுப்பது நியாயமா? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது அபூர்வம். ஏஜென்டுக்குப் பணம் கட்டினால்தான் விசா என்பது ஊரறிந்த வழக்கம். அதற்காகத் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, காணி ஒத்திக்குப் போகிறது, மீதித் தொகை வட்டிக்கு வாங்கப்படுகிறது. வழக்கமாகிவிட்டதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. அதற்காக ஏஜென்ட் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று பேசிவிடுவதும் சரியல்ல. பொய் விசா கொடுத்து ஓடிப்போனவனைப் பற்றி யோசிக்க எதுவுமில்லை, அது திருட்டு. யோசிக்க வேண்டியது நேர்மையான ஏஜென்டைப் பற்றித்தான். சொன்ன நாட்டுக்கு அனுப்பி, சொன்ன வேலையையும் வாங்கிக் கொடுத்தவர், அதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்கியது சரியா?

அவர் தரப்பை முதலில் கேட்க வேண்டும். ராமநாதபுரத்தில் இருக்கும் வெல்டருக்கு ரியாத்திலோ தோஹாவிலோ எந்தக் கம்பெனிக்கு ஆள் தேவை என்று தெரியாது. அந்தக் கம்பெனிக்கும் இவரைத் தெரியாது. இருவரையும் சேர்த்து வைப்பது உண்மையான உழைப்பு. நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தம், பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு வேண்டிய குடிபெயர்வு அனுமதி என்று அலைச்சல் நிறைய. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும், வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். சட்டமே தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வரை வாங்கிக்கொள்ள அனுமதிக்கிறது. உழைத்தவர் கூலி கேட்பதில் தவறு இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு. பணம் கட்டுகிறவர் குழந்தை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கட்டுகிறார். அப்படிக் கட்டிப் போனவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள். அவர் விரும்பிச் செய்யும் செலவைத் தடுக்க நமக்கு என்ன உரிமை?

இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஏஜென்டுக்குக் கூலி உண்டு என்பதை மட்டுமே அவை நிறுவுகின்றன. அந்தக் கூலியைத் தொழிலாளிதான் கொடுக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. ஆள் தேடுவது கம்பெனியின் தேவை. சிமெண்டுக்கும் கம்பிக்கும் செலவழிப்பதுபோல் ஆள் எடுப்பதற்கும் அது செலவழித்தாக வேண்டும். கட்டடத்தின் லாபம் யாருக்கோ அவரே அந்தச் செலவைத் தாங்குவதுதான் முறை.

தொழிலாளி கட்டும் பணம் முழுவதும் ஏஜென்டின் உழைப்புக்குக் கூலியாகப் போவதும் இல்லை. ஆள் வேண்டும் என்று கம்பெனி கொடுக்கும் டிமாண்ட் லெட்டரைப் பிடிக்க ஏஜென்சிகளுக்குள் போட்டி நடக்கிறது. அதைப் பெறுவதற்காகக் கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரிக்கோ, விசாவை விற்கும் இடைத்தரகருக்கோ பணம் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. கீழே ஊரில் ஆள் சேர்த்துக் கொடுக்கும் சப்-ஏஜென்டுக்கு ஒரு பங்கு உண்டு. இவ்வளவும் ஒருவர் தலையில்தான் விடிகிறது. விலையைத் தீர்மானிப்பது செய்த வேலையின் அளவு இல்லை. வேலை கேட்பவரின் நெருக்கடிதான். நெருக்கடி கூடக்கூட விலையும் கூடுகிற வியாபாரத்தில், விரும்பித்தானே கொடுத்தார் என்ற சமாதானம் நிற்காது.

இதைவிடப் பெரிய தீங்கு, போய் இறங்கிய பிறகு தொடங்குகிறது. ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும். சம்பளம் 20,000 என்றால், சாப்பாட்டுச் செலவு போக முதல் ஆண்டு முழுவதும் அவர் கடனுக்காகவே உழைக்கிறார். அப்போது ஒப்பந்தத்தில் எழுதியதைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தாலும், வேறு வேலை வாங்கினாலும், நெருக்கியடித்த அறையில் தங்க வைத்தாலும் அவர் என்ன செய்வார்? வாடகை வீடு பிடித்துக் கொடுத்த தரகரும் கமிஷன் வாங்குகிறார்தான். வீடு பிடிக்காவிட்டால் காலி செய்துவிடலாம். நஷ்டம் அந்தக் கமிஷனோடு போயிற்று. விசாவால் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டு, ஊரில் கடனையும் வைத்திருப்பவர் அப்படி எழுந்து வர முடியாது. முடியாது என்று சொல்லும் சுதந்திரத்தை வேலை தொடங்கும் முன்பே அவர் அடகு வைத்துவிட்டார். அடகுக்குப் போன நகையை மீட்டுவிடலாம். பேசாமல் பொறுத்துக்கொண்ட ஆண்டுகளை எப்படி மீட்பது?

தமிழர்களுக்கு இது புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காபித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் கட்டியவர்கள் கங்காணிகள். பல நேரங்களில் அவர்கள் சொந்த ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். வழிச்செலவுக்கான முன்பணத்தைத் தோட்டம் கங்காணியிடம் கொடுத்தது. அது தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடனைத் தீர்த்தால்தான் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியவில்லை. துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. பணத்தை முதலில் எடுத்துக் கொடுத்தது யார் என்பதைவிட, கடைசியில் யார் கணக்கில் ஏறுகிறது என்பதே முக்கியம் என்பதற்கு அந்த வரலாறு சாட்சி. ஏஜென்சிக்கு நாங்களே கொடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் கம்பெனி இன்றும் அதையேதான் செய்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கை 1997-இல் வந்தது. தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகளை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. கத்தாரின் 2004-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் இப்படி வாங்குவதைத் தடுக்கிறது. ஆனாலும் பணம் கைமாறுவது பெரும்பாலும் தொழிலாளியின் சொந்த ஊரில் என்பதால் அந்தத் தடை அங்கே எட்டுவதில்லை. சிங்கப்பூர் நடுவழியில் நிற்கிறது. அங்குள்ள ஏஜென்சி இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு எடுத்தால் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நஷ்டத்தில் ஏஜென்டுக்கும் பங்கு வைப்பதால் அந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது.

கம்பெனியே எல்லாவற்றையும் கட்டினால், ஏஜென்ட் கம்பெனியின் ஆளாகிவிட மாட்டாரா என்ற கேள்வி எளிதானதல்ல. பணம் தருகிறவர் பக்கம் மனம் சாய்வது இயல்பு. ஆனால் தொழிலாளி பணம் கட்டும் இன்றைய முறையிலும் ஏஜென்ட் அவர் பக்கம் நிற்பதில்லை. அடுத்த டிமாண்ட் லெட்டருக்காகக் கம்பெனியின் முகத்தைத்தான் பார்க்கிறார். தொழிலாளிக்கு ஏஜென்டிடமிருந்து கிடைக்க வேண்டியது உண்மை. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், எங்கே தங்குவது என்பதை அவருக்குப் புரியும் மொழியில், கிளம்புவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இந்தக் கடமை காசு கட்டியதால் வருவதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையில் கை வைப்பதால் வருகிறது.

செலவு கூடினால் கம்பெனிகள் நம்மவர்களை விட்டுவிட்டு வேறு நாட்டு ஆட்களை எடுக்கும் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு நாடு மட்டும் கண்டிப்பாக இருந்தால் அப்படி நடக்கலாம். ஆகவே ஆள் அனுப்பும் நாடுகள் சேர்ந்து நிற்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் 2006-இல் விதித்தது. விசாவும் டிக்கெட்டும் முதலாளியின் செலவு என்ற கொள்கையை நேபாளம் 2015-இல் கொண்டுவந்தது. மீறல்கள் அங்கும் உண்டு. இருந்தாலும், மீறல் என்று பெயர் சொல்லிக் கேட்க முடிகிற நிலை வந்திருக்கிறது.

அந்த நிலை இங்கே வரும் வரை செய்ய வேண்டியவை உண்டு. சப்-ஏஜென்டுகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. சொந்தக்காரர் என்ற நம்பிக்கையில் ரசீது இல்லாமல் பணம் கேட்பவர் அந்த உறவையே விற்கிறார். ஏஜென்சியின் பதிவை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்க, படித்த பிள்ளைகள் ஊராருக்கு உதவ வேண்டும். 1978-இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிராமங்கள்வரை போய்ச் சேர வேண்டும். சட்டம் வைத்திருக்கும் 30,000 ரூபாய் வரம்பு கறாராகக் காக்கப்பட்டு, படிப்படியாகப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் போல வேலை கிடைக்காவிட்டாலும் தன்னிடமே இருக்கப் போகிறவற்றுக்கு ஒருவர் செலவழிக்கலாம். வேலைக்கே விலை கொடுக்க வைப்பது அநியாயம். குடும்பத்தைப் பிரிந்து போகிறவர் தன் உழைப்பைக் கொடுக்கிறார். அதற்கு மேல் அவரிடம் கேட்க ஏஜென்டுக்கும் முதலாளிக்கும் உரிமை கிடையாது.