ஓடுகிற என்ஜின்

மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடைக்கு மேல்மாடி அறையில் இரட்டை என்ஜின் மாடல் விமானம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கையின் நடுச்சேர்ப்பில் கண்ணாடியிழைத் துணி ஒட்டி எபாக்சி பூசியாச்சு. இன்னொரு பூச்சு என்றால் எடை ஏறும், தரையிறங்கும் வேகமும் ஏறும்.

எவ்வளவு பலப்படுத்தினாலும் ஒரு சிக்கல் தீராது. இரண்டு என்ஜின் என்றால் பாதுகாப்பு என்று தோன்றும். ஏதாவது ஒன்று நின்றுபோகும் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிப்பு. நின்றால், மற்றது முழு விசையில் இழுத்து விமானத்தை நின்ற பக்கமாகத் திருப்பிக் கவிழ்த்துவிடும். மெதுவாகப் பறக்கையில் சுக்கானால் தடுக்க முடியாது. அப்போ நல்லா ஓடுறதைத்தான் குறைக்கணும்.

வீடுகளில் நடப்பது நேரெதிர். அப்பாவுக்கு வேலை போனால் அக்கா ஓவர்டைம் எடுக்கணும். அவள் கொஞ்சம் குறைத்தால் சுயநலம். குறைத்தால் உயரம் போகும்தான். வாடகை, கார் தவணை எல்லாம் இடிக்கும். ஆனாலும் கவிழாமல் ஒரு திடலில் இறக்கலாம். அந்தத் திடல் எது என்று அக்காவைத் தவிர வீட்டில் வேறு யாராவது தேடுகிறார்களா?