பிஞ்சுகளின் மரணமும் வினைப்பயனும்

திருவிழாக் காலத்தில் ஆலய முன்றலில் ஓடி விளையாடும் பிள்ளைகளைக் கண்டு மகிழாத மனம் இல்லை. பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுவோரும், பிறந்த பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்துவோரும், விஜயதசமியன்று ஏடு தொடக்குவோரும் தெய்வ சந்நிதியையே நாடுகின்றனர். அவ்வாறு வேண்டிப் பெற்ற பிள்ளை, காலையில் வெள்ளைச் சீருடையுடன் பாடசாலைக்குச் சென்று உயிருடன் திரும்பாவிட்டால், பெற்றவர்களுக்குச் சமயம் கூறும் பதில் யாது?

இது கற்பனையாக எழுப்பப்படும் வினா அன்று. 1995 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் திகதி, வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் மகா வித்தியாலயச் சூழலில் விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டனர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகளும் குண்டுவெடிப்புக்குப் பலியாயினர். கடல் கடந்த நாடுகளிலும் இக்கொடுமை உண்டு. ஸ்கொட்லாந்தின் டன்பிளேனில் 1996 இல் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன் 16 பிள்ளைகளையும் அவர்தம் ஆசிரியையையும் கொன்றான். அமெரிக்காவின் சண்டி ஹூக் பாடசாலையில் 2012 இல் 20 பிள்ளைகள் சுடப்பட்டு இறந்தனர். பாகிஸ்தானின் பெஷாவரில் 2014 இல் 130 இற்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டனர். மொழி வேறு, மதம் வேறு. தாயின் அழுகை ஒன்றே.

இத்தகைய மரண வீடுகளில் ஒரு வார்த்தை எளிதாகச் சொல்லப்படுவதுண்டு. “எல்லாம் அவரவர் வினைப்பயன், என்ன செய்வது?” என்பதே அது. ஆறுதலாகச் சொல்லப்படினும், பிள்ளையை இழந்த தாயின் செவியில் அது, “உன் பிள்ளை இதற்கு உரியதே” என்றுதான் ஒலிக்கும்.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்துக் கூறுகிறது. ஓர் உயிரின் வினைக் கணக்கை இறைவனே அறிவான். அடுத்தவர் கணக்கைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. மேலும், இறந்தவரின் வினையே காரணம் என்று அமைந்துவிட்டால் கொன்றவனின் பாவம் எங்கே போவது? துப்பாக்கியைத் தூக்கியவன் தன் விருப்பத்தாலேயே தூக்கினான். அது அவன் புதிதாக ஈட்டிய ஆகாமியம். வினைக் கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்வதற்கு உரியது. பிறர் துயரை அளப்பதற்கு உரியது அன்று.

அடியார்களின் வரலாறும் இதனையே காட்டும். சுந்தரமூர்த்தி நாயனார் திருப்புக்கொளியூர் அவிநாசிக்கு எழுந்தருளியபோது, ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையொலியும் கேட்டன. இரண்டு சிறுவர்கள் குளத்துக்குக் குளிக்கப் போக, ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு அன்று பூணூல் கலியாணம். இழந்த வீட்டில் பழைய துயரம் மீண்டது. ஆயினும் அந்தத் தாய் தந்தையர் கண்ணீரை மறைத்து அடியாரை வணங்க வந்தனர். நாயனார் அவர்களுக்கு வினைத் தத்துவம் உபதேசிக்கவில்லை. பிள்ளையை மீட்டுக் கொடுத்த பின்பே அவிநாசிப் பெருமானைப் பணிவேன் என்று குளக்கரைக்குச் சென்று பதிகம் பாடினார். பிள்ளை மீண்டது. அந்த அற்புதம் எல்லோராலும் இயல்வதன்று. ஆனால் கோயிலுக்குச் செல்லுமுன் அழுகின்ற வீட்டின் பக்கம் திரும்புவது எல்லோராலும் இயலும்.

கொன்றவனை என்ன செய்வது என்பது அடுத்த வினா. பாரதப் போரின் முடிவில், நள்ளிரவில் உறங்கிக் கிடந்த திரௌபதியின் ஐந்து மக்களையும் அசுவத்தாமன் கொன்றான். அருச்சுனன் அவனைக் கட்டி இழுத்து வந்தபோது, தன்னைப் போல் இவன் தாயும் அழ வேண்டாம் என்று திரௌபதி விடுவிக்கச் சொன்னதாகப் பாகவதம் கூறும். எனினும் அவன் தலையிலிருந்த மணி பறிக்கப்பட்டது, அவன் துரத்தப்பட்டான். பழிவாங்காமை வேறு; தீமை செய்யும் வல்லமையை விட்டுவைப்பது வேறு.

இக்காலத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 2006 அக்டோபர் 2 ஆம் திகதி அமெரிக்காவின் நிக்கல் மைன்ஸ் கிராமத்தில் ஆமிஷ் சமூகத்தின் ஐந்து சிறுமியர் பாடசாலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். அச்சமூகத்தார் அவனுடைய மனைவி மக்களைத் தேடிச்சென்று ஆறுதல் கூறியதோடு, அவனது இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டனர். டன்பிளேன் பெற்றோர் வேறு வழியில் போராடினர். அதன் பயனாக 1997 இல் பிரித்தானியாவில் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. முன்னது கருணை, பின்னது காவல். இரண்டும் அறமே.

உக்குவளை போன்ற ஊர்களுக்கு இந்த அறம் புதியதன்று. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் மரணாதார சங்கம் கூடாரம் போடும்; அயல் வீட்டார் தேநீரும் சோறும் கொண்டுவருவர்; சிங்களவரும் முஸ்லிம்களும் வந்து அமர்வர். பேச்சுக் குறைவு, துணை அதிகம். பெற்றவள், “என் பிள்ளை என்ன பாவம் செய்தது?” என்று கேட்கும்போது, சாத்திரம் கற்றவரும் அவ்விடத்தில் மௌனமாய்ப் பக்கத்தில் அமர்வதே முறை. எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் கழிந்து கூட்டம் குறைந்த பின்னர், அந்த வீட்டுப் படியேறி நலம் கேட்பது அதனினும் பெரிய தொண்டு.

எந்த இனத்துத் தாயும் பாடசாலை வாசலில் தன் பிள்ளையின் சடலத்தைத் தேடாதிருக்க, எந்தக் கரமும் குழந்தைகள் மீது ஆயுதம் தூக்காதிருக்க, உலகமாதாவாகிய அம்பாளின் திருவருள் காத்து நிற்பதாக.