நோயாளி வைத்தியராகும் வழி

இயற்கை மருத்துவத்துக்குள் நேர்வழியில் வந்தவர்கள் குறைவு. அதன் முன்னோடிகளில் பெரும்பாலோர் வேறொரு தொழிலில் இருந்தவர்கள். நோயில் விழுந்து, வைத்தியர்கள் கைவிரித்த பிறகு தாமாக எழுந்து, எழுந்த வழியையே ஊருக்கும் காட்டப் புறப்பட்டவர்கள். ஆஸ்திரிய சைலீசியாவின் கிரேஃபென்பெர்க் கிராமத்தைச் சேர்ந்த வின்சென்ஸ் ப்ரீஸ்னிட்ஸ் (1799–1851) ஒரு விவசாயி. வண்டி விபத்தில் முறிந்த விலா எலும்பை ஈரத்துணிக் கட்டுப் போட்டே ஆற்றிக்கொண்டார். மண் சிகிச்சையைப் பரப்பிய அடால்ஃப் ஜஸ்ட் புத்தக வியாபாரி. இடுப்புக் குளியலுக்குப் பெயர் பெற்ற லூயி கூனே தொழிற்சாலை நடத்தியவர். 1883-ல் லைப்சிக் நகரில் சிகிச்சை நிலையம் திறந்தார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. நோய்கள் பல அல்ல, உடம்பில் தேங்கும் கழிவு என்ற ஒன்றுதான் எல்லா நோய்க்கும் வேர் என்பது கூனேயின் கட்சி.

இந்த வளைந்த பாதைக்குள் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. குணமானவருக்குத் தம் குணத்தைப் பற்றி என்ன தெரியும்? அவர் பிழைத்தது உண்மை. எதனால் பிழைத்தார் என்பதும் அதே அளவுக்கு அவருக்குத் தெரியுமா? சமயம் கேட்கும் கேள்வியும் இதன் அருகிலேயே நிற்கிறது: ஆற்றியது நீரா, உடம்பின் இயல்பா, இறைவனா?

இரண்டு கேள்விகளும் ஒரே ஆளிடம் சந்தித்த இடம் பவேரியா. செபாஸ்டியன் க்னைப் 1821-ல் ஏழை நெசவாளிக்கு மகனாகப் பிறந்தார். பாதிரியாராக வேண்டும் என்பது ஆசை, தறிதான் வாய்த்தது. வயது கடந்து படிக்கப் போனபோது நுரையீரல் நோய் பிடித்துக்கொண்டது. அந்த நிலையில், நூறாண்டுக்கு முன் சீக்மண்ட் ஹான் என்ற வைத்தியர் குளிர்ந்த நீரின் குணங்களைப் பற்றி எழுதிய நூல் அவர் கைக்குக் கிடைத்தது. 1849-ல் டில்லிங்கன் நகரில் படிக்கும்போது, குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றில் சில நொடிகள் மூழ்கி எழுந்து, உடம்பு சூடேற வீட்டுக்கு ஓடுவதை வழக்கமாக்கினார். நோய் விலகியது. 1852-ல் குருப்பட்டம் பெற்றார்; மூன்றாண்டு கழித்து வோரிஸ்ஹோஃபன் கன்னிமாடத்துக்கு ஆன்ம குருவாக அனுப்பப்பட்டார். பாவமன்னிப்பு கேட்க வந்தவர்களோடு முழங்கால் வலிக்காரர்களும் வந்தார்கள். வைத்தியர்களும் மருந்துக்கடைக்காரர்களும் அவர் மேல் புகார் கொடுத்தார்கள். 1886-ல் அவர் எழுதிய நீர்ச்சிகிச்சை நூல் பல மொழிகளுக்குப் போயிற்று. 1897-ல் அவர் இறந்தபோது, அந்தச் சிற்றூர் ஐரோப்பா முழுவதும் அறிந்த ஊராகியிருந்தது.

நோய், கைவிடப்படுதல், எதிர்பாராத மீட்சி, பிறகு பணி. இது தொழில் மாறிய கதை மாதிரி இல்லை, மனமாற்றத்தின் கதை மாதிரி இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த வடிவம் புதிதல்ல. சமணத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாரைச் சூலைநோய் பிடித்து, அது திருவதிகையில் தீர்ந்து, அவர் திருநாவுக்கரசர் ஆனதைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அப்பர் திருவதிகையில் சூலைக்கு வைத்தியசாலை திறக்கவில்லை. தமக்கை தந்த திருநீறு வயிற்றுவலிக்கு இத்தனை வேளை என்று முறை வகுக்கவும் இல்லை. தமக்கு நடந்ததை அருள் என்று கொண்டார். அருளுக்கு நன்றிதான் உண்டு, அளவும் வேளையும் கிடையாது. க்னைப்பும் கூனேயும் அதே வகை அனுபவத்திலிருந்து எல்லோருக்கும் பொருந்தும் முறை ஒன்றை எடுக்க முயன்றார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. வலி தெரியும் என்கிறதே தவிர, மருந்தும் தெரியும் என்று அது சொல்லவில்லை. க்னைப்பைப் பிடித்ததாகச் சொல்லப்படும் காசநோய் சிலரிடம் தானாகவே அடங்கும் நோய். அடங்கும் வேளையில் ஒருவர் ஆற்றில் குதித்துக்கொண்டிருந்தால் பெயரை ஆறு வாங்கும். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் கஞ்சி வாங்கும். ஆற்றில் குதித்தும் இறந்தவர் நூல் எழுதுவதில்லை. கிரேக்க நாத்திகர் டயாகரஸ் பற்றி சிசரோ சொல்லும் கதை இதே இடத்தைத் தொடுகிறது: புயலில் வேண்டிக்கொண்டு கரை சேர்ந்தவர்கள் கோயிலில் வைத்த படங்களை யாரோ காட்ட, வேண்டிக்கொண்டும் மூழ்கியவர்களின் படங்கள் எங்கே என்றாராம் அவர். நாத்திகர் கோயிலைப் பார்த்துக் கேட்டதை, நன்றிக் கடிதங்களைச் சட்டம் போட்டு மாட்டிய எந்த வைத்தியசாலையிலும் கேட்கலாம். ஆங்கில மருத்துவமனைக்கும் இதில் விலக்கு இல்லை.

இந்த இடைவெளியை உணர்ந்தவர்களும் உண்டு. நீரிழிவுக்காக அமெரிக்காவிலிருந்து க்னைப்பிடம் போய்த் திரும்பிய வியாபாரி ஹென்றி லிண்ட்லார், தம் அனுபவம் மட்டும் போதாதென்று சிகாகோவில் மருத்துவம் படித்து 1904-ல் பட்டம் வாங்கினார். க்னைப்பிடம் குணமான இன்னொருவர் பெனடிக்ட் லஸ்ட். ‘நேச்சுரோபதி’ என்ற பெயரை அமெரிக்காவில் பரப்பியவர் இவர். 1901-ல் நியூயார்க்கில் அதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். குணமான அனுபவம் தொழிலாகவும் படிப்பாகவும் மாறியது இந்தத் தலைமுறையில்தான்.

இந்தியாவில் இந்தப் பாதையில் நடந்தவர்களில் மிக நேர்மையான சாட்சி காந்தி. பாதையின் தொடக்கமே ஒரு மறுப்பு. 1888-ல் இங்கிலாந்துப் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மருத்துவம் படிக்க அனுப்பக் கூடாதா என்று அவர் கேட்டார். பிணத்தை அறுக்கும் வேலை வைணவர்களுக்கு ஆகாது என்று தந்தை சொல்லியிருந்ததை அண்ணன் நினைவூட்டினார். காந்தி பாரிஸ்டரானார். தென்னாப்பிரிக்காவில் மலச்சிக்கலும் தலைவலியும் தொல்லை தர, காலைச் சிற்றுண்டியை நிறுத்திப் பார்த்தார். அடால்ஃப் ஜஸ்ட் எழுதிய நூலைப் படித்து வயிற்றில் மண்பட்டி போட்டுக்கொண்டார். 1902-ல் பம்பாயில் மகன் மணிலாலுக்கு டைஃபாய்டு. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார் பார்சி டாக்டர். காந்தி மறுத்து, கூனே முறையில் இடுப்புக் குளியல் கொடுத்தார். ஓர் இரவு சுரம் 104 டிகிரி ஏற, பையனை ஈரத்துணியில் சுற்றிக் கிடத்திவிட்டு, ராமநாமம் சொன்னபடி சௌபாத்தியில் நடந்தார். திரும்பியபோது பையனுக்கு வியர்த்திருந்தது. பிழைத்தது கடவுள் அருளாலா, நீர்ச்சிகிச்சையாலா, பத்தியத்தாலும் பணிவிடையாலுமா என்று யார் சொல்ல முடியும் என்ற கேள்வியைச் சுயசரிதையில் அவரே எழுப்புகிறார். தம் மட்டில் அது கடவுள் காத்த மானம் என்று முடிக்கிறார்.

1904-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த 23 இந்தியருக்குப் பிளேக் கண்டது. டாக்டர் வில்லியம் காட்ஃப்ரே பிராந்தி கொடுக்கச் சொன்னார். பிராந்தி வேண்டாமென்ற மூவருக்கு, அவர் அனுமதியோடு, காந்தி தலையிலும் மார்பிலும் மண்பட்டி போட்டார். அந்த மூவரில் இருவர் பிழைத்தார்கள். மற்ற இருபது பேர் இறந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் மண்ணின் வெற்றி என்று முரசு கொட்டியிருப்பார்கள். காந்தியோ தம் மண் நம்பிக்கைக்கும் பிராந்தி அவநம்பிக்கைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டு, ஆனாலும் அன்று பதிந்த எண்ணம் போகவில்லை என்கிறார். மூவர் என்பது எண்ணிக்கையே அல்ல என்பதும், அந்த மூவரும் தாமாக முன்வந்தவர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நம்பிக்கையை அறிவென்று சொல்லிக்கொள்ளாமலேயே வைத்துக்கொண்டார். இயற்கை மருத்துவ இலக்கியம் முழுவதிலும் இதற்கு ஈடான ஒப்புதல் அரிது.

பிற்காலத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1942-ல் ஆகா கான் மாளிகைச் சிறையில் எழுதிய உடல்நல நூலில் அவர் சிகிச்சைகளை மண், நீர், ஆகாயம், ஒளி, காற்று என ஐம்பூதங்களின் வரிசையில் அமைத்தார். ஜெர்மானியரின் ‘இயற்கை’ இங்கே பஞ்சபூதமாகி, சமய மண்ணில் வேர் பிடித்தது. 1946 மார்ச்சில் புணே அருகே உருளி காஞ்சன் கிராமத்தில் நோயாளிகளைப் பார்த்தபோது, சூரியக் குளியலோடும் இடுப்புக் குளியலோடும் ராமநாமத்தையும் மருந்தாகச் சொன்னார். இதயத்தில் ராமன் உறைந்தவனுக்கு நோயே வராது என்பது வரை அந்த எண்ணம் போயிற்று. தாம் நோயில் இறந்தால் தம்மைப் போலி மகாத்மா என்று உலகுக்குச் சொல்லும்படி, கொலையுண்பதற்கு முந்தின இரவு பேத்தி முறையான மனுவிடம் சொன்னார்.

கழிவு தேங்கினால் நோய், கழிவு நீங்கினால் குணம் என்பது உடம்பளவில் நின்றால் ஒரு கருதுகோள். சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கலாம். கழிவு என்பது பாவமாகிவிட்டால் சோதனைக்கு இடமில்லை. குணமானால் முறை சரி. ஆகாவிட்டால் நோயாளியின் நெஞ்சில் குறை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர் மேல் குற்றமும் ஏறிவிடுகிறது. வாழ்க்கை காந்தியை இதிலிருந்து பலமுறை இழுத்தது. மருத்துவமனைகளைக் கடுமையாகச் சாடிய ‘இந்திய சுயராஜ்யம்’ (1909) நூலின் ஆசிரியர், 1924 ஜனவரியில் புணே சாசூன் மருத்துவமனையில் கர்னல் மடாக்கின் கத்திக்கு ஒப்புக்கொடுத்துக் குடல்வால் அறுவையால் பிழைத்தார். ஆனால் இருபதாண்டு கழித்து, மனைவி கஸ்தூர்பாவின் இறுதி நாட்களில் வரவழைக்கப்பட்ட பென்சிலின் ஊசி வேண்டாம் என்றார்.

இதற்கு மாற்றான நிலை திருவண்ணாமலையில் இருந்தது. இயற்கை மருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதிய கே. லட்சுமண சர்மா, ரமண மகரிஷியிடம் ‘உள்ளது நாற்பது’ பாடம் கேட்டவர். அதற்குத் தமிழில் உரையும், ‘யார்’ என்ற புனைபெயரில் ஆங்கிலத்தில் ‘மகா யோகா’ நூலும் எழுதினார். உபவாசத்தையும் நீரையும் போதித்தவரின் குருவுக்கு 1948 இறுதியில் இடக்கையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. நான்கு முறை அறுத்தார்கள். வேறு முறை மருந்துகளும் கொடுத்தார்கள். அன்பர்கள் கொண்டுவந்த எதையும் ரமணர் தடுக்கவில்லை, எதையும் தாமாகக் கேட்கவும் இல்லை. உடம்பே ஒரு நோய்தான் என்ற பொருளில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. 1950 ஏப்ரல் 14 அன்று இறந்தார். ராமகிருஷ்ணர் 1886-ல் இறந்ததும் தொண்டைப் புற்றால்தான். உள்ளத் தூய்மை உடம்பைக் காக்கும் என்ற வாதம் இந்த இருவர் முன்னாலும் நிற்காது. ரமணர் வழியில் குணம் என்பது அருளின் அத்தாட்சி ஆகாது. நோய் பாவத்தின் அத்தாட்சியும் ஆகாது. சிகிச்சை சிகிச்சையாக மட்டும் மிஞ்சுகிறது. பலன் தருகிறதா என்று அதைக் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

இன்று இந்தியாவில் இயற்கை மருத்துவராக யாரும் முதலில் நோயாளியாக வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்தவர்கள், பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் சேர்கிறார்கள். 1945 நவம்பர் 18 அன்று காந்தி புணேயில் இயற்கை மருத்துவ அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதன் நினைவாக, 2018 முதல் அந்த நாள் தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. படிப்பின் முதல் ஆண்டுப் பாடங்களில் ஒன்று உடற்கூறியல். காந்தியின் தந்தை கூடாதென்ற பிண அறுவையும் அதில் அடக்கம்.