ஓய்வு மடியாகுமோ?

கைகால்களை நெகிழ்த்தி, மல்லாந்து, பிணம்போலக் கிடத்தலைச் சவாசனம் என்பர். 15 ஆம் நூற்றாண்டளவிற் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, இது களைப்பை நீக்கிச் சித்தத்துக்கு இளைப்பாறுதல் தரும் என்கின்றது. கேரண்ட சங்கிதை இதனை மிருதாசனம் என வழங்கும்.

“வெறுங்கிடை யோகமாகுமோ? அது மடியன்றோ?” என வினவுவாருமுளர். அற்றன்று. மடியாவது, செய்கடன் முன்னிற்ப அதனைத் தவிர்த்துக் கிடத்தல். சவாசனமோ, செய்து களைத்தவன் மேலுஞ் செய்தற்பொருட்டுத் தன்னை ஆயத்தஞ் செய்தல். உறக்கத்தில் அறிவு மறையும்; ஈண்டு உடல் அடங்க, அறிவு விழித்திருக்கும். இறுகிய தசைகள் ஒவ்வொன்றாய் நெகிழும், மூச்சு மெல்லெனச் செல்லும், நாடித்துடிப்புந் தணியும்.

இவ்வினா ஆசிரியராகிய நமக்கு மிகவும் உரியது. காலையிலே ஒரு மாணாக்கன் செய்த பிழையைப் புன்னகையோடு திருத்துகின்றோம். கடைசிப் பாடவேளையில் வேறொரு மாணாக்கன் அதே பிழையைச் செய்யின் கடுஞ்சொற் கூறுகின்றோம். பிழை ஒன்றே, வேறுபட்டது நமது களைப்பு. நமது களைப்புக்குரிய தண்டத்தைப் பிள்ளை ஏற்கின்றான். இது நீதியாகுமோ? ஓய்வை வெறுத்து உழைத்தலைத் தவமென்று எண்ணுகின்றோம். அதன் விலையைக் கொடுப்பவரோ பிறர்.

ஆதலால், பாடசாலையினின்று மீண்டபின், உணவுக்கு முன்னர், பத்து நிமிடமேனும் பாயிற் கிடந்து உடலை நெகிழ்த்துவோமாக. “யானே செய்கின்றேன்” என்னும் முனைப்பையும் உடன் கிடத்துவோமாக. எழுந்தபின் கடமை இனிக்குமாயின் நாம் கொண்டது ஓய்வு. கசக்குமாயின் அது மடியே. இவ்வுரைகல்லைப் பிறர்மேல் வையாது நம்மிடத்தே வைத்துக் காண்போமாக.